கண்ணில் வேண்டாதது காலில் வேண்டும்!

காலை எட்டு மணி. சிவகங்கைச் சீமையில் ஒரு வீடு. இட்லி சாப்பிட்டு முடித்த தாத்தா, தகர டப்பாவைத் திறந்து ஒரு வெள்ளை மாத்திரையை எடுத்து விழுங்கித் தண்ணீர் குடிக்கிறார். வீட்டில் எல்லோரும் அதைச் 'சர்க்கரை மாத்திரை' என்றே சொல்வார்கள். வேடிக்கைதான்! அதில் ஒரு துளி சர்க்கரைகூடக் கிடையாது. அதன் பெயர் மெட்ஃபார்மின்.

மாணவ நண்பர்களே, உங்களில் பலருடைய வீட்டிலும் இந்தக் காட்சி நடக்கும். 2023ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கெடுப்புப்படி, நம் நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் பத்துக் கோடிக்கும் மேல். அவர்களில் மிகப் பலருக்கு மருத்துவர் முதலில் எழுதித் தரும் மருந்து இதுவே.

மாத்திரை வேலை செய்கிறதா என்று தாத்தா எப்படித் தெரிந்து கொள்கிறார்? விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைச் சிறிய பட்டை ஒன்றில் வைக்கிறார். பட்டையில் உள்ள நொதி, இரத்தத்திலுள்ள குளுக்கோசுடன் வினை புரிகிறது. அப்போது விடுபடும் எலெக்ட்ரான்கள் மிக மெல்லிய மின்னோட்டமாகப் பாய்கின்றன. குளுக்கோஸ் அதிகமானால் மின்னோட்டமும் அதிகம். கருவி அதை அளந்து எண்ணாகக் காட்டுகிறது. இது மின்வேதியியல் என்னும் துறையைச் சேர்ந்தது. அத்துறைக்கென்றே 1953இல் திறக்கப்பட்ட தேசிய ஆய்வுக்கூடம் ஒன்று நம் காரைக்குடியிலேயே இருக்கிறது என்பதை அறிவீர்கள் அல்லவா?

ஆனால் அந்தக் கருவி சர்க்கரையை மட்டுமே அளக்கும். தாத்தாவின் கண்ணில் என்ன நடக்கிறது, காலில் என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது. நீரிழிவு ஒருவரைத் துன்புறுத்துவது பெரும்பாலும் அந்த இடங்களில்தான். பார்வை போவதும், ஆறாத புண்ணால் காலையே எடுக்க நேர்வதும் எத்தனை குடும்பங்களை நிலைகுலையச் செய்கின்றன! இந்த இரண்டு கேடுகளுக்கும் பின்னால் அழற்சி, இரத்தக் குழாய் வளர்ச்சி என்னும் இரண்டு நிகழ்ச்சிகள் இருக்கின்றன. சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை இவற்றையும் தொடுகிறதா? இதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

செடியிலிருந்து மாத்திரை வரை

நம் ஊர்ச் செம்மண் காட்டில் மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் ஆவாரையைப் பார்த்திருப்பீர்கள். சர்க்கரை நோய்க்கு ஆவாரம்பூக் கஷாயம் குடிப்பது நம்மவர் வழக்கம். ஐரோப்பாவிலும் இப்படி ஒரு நாட்டு மருந்துச் செடி இருந்தது. கலேகா அஃபிசினாலிஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். ஆவாரையைப் போல அதுவும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

அந்தச் செடியில் குவானிடின் வகைப் பொருள்கள் உண்டு. குவானிடின் விலங்குகளின் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறது என்று 1918இல் தெரிய வந்தது. ஆனால் அது நஞ்சு. அப்படியே கொடுக்க முடியாது. 1922இல் டப்ளின் நகரில் வெர்னர், பெல் என்னும் இரு வேதியியலார் அதன் உறவுப் பொருளான மெட்ஃபார்மினைச் செயற்கையாகத் தயாரித்தனர். அதே காலத்தில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டு உலகமே அதைக் கொண்டாடியது. மெட்ஃபார்மினை யாரும் கவனிக்கவில்லை.

1940களின் இறுதியில் பிலிப்பைன்ஸ் நாட்டு மருத்துவர் கார்சியா, இதைச் சளிக்காய்ச்சலுக்குக் கொடுத்துப் பார்த்தார்; நோயாளிகளின் இரத்தச் சர்க்கரை குறைந்ததைக் குறிப்பிட்டார். அந்தக் குறிப்பு பாரிஸ் நகர மருத்துவர் ழான் ஸ்டெர்ன் கவனத்துக்கு வந்தது. அவர் நீரிழிவு நோயாளிகளிடம் முறையாகச் சோதித்து, 1957இல் முடிவை வெளியிட்டார். மெட்ஃபார்மினின் வாழ்வு அங்கேதான் தொடங்கியது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இதே குடும்பத்தில் ஃபென்ஃபார்மின் என்று ஒரு மருந்து இருந்தது. அது சர்க்கரையை இன்னும் வலுவாகக் குறைத்தது. ஆனால் இரத்தத்தில் லாக்டிக் அமிலத்தை ஏற்றி உயிருக்கே ஆபத்து விளைவித்தது. ஆகவே 1970களின் பிற்பகுதியில் பல நாடுகள் அதை விலக்கிவிட்டன. ஒரே செடியின் வழியில் வந்த மூன்று பொருள்களில் ஒன்று நஞ்சு, ஒன்று ஆபத்து, ஒன்று மருந்து! எது எது என்பதைச் சோதனைதான் பிரித்துக் காட்டியது. பழைய வழக்கமோ நம்பிக்கையோ காட்டவில்லை.

கல்லீரலில் என்ன செய்கிறது?

நாம் உண்ணாத நேரத்திலும் உடலுக்குக் குளுக்கோஸ் வேண்டும். அதைத் தயாரித்து இரத்தத்தில் விடுவது கல்லீரல். 'போதும், நிறுத்து' என்று அதற்குச் சொல்வது இன்சுலின். இரண்டாம் வகை நீரிழிவில் கல்லீரல் அந்தச் சொல்லைச் சரியாகக் கேட்பதில்லை. இரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை நிறைந்திருக்க, மேலும் மேலும் தயாரித்துத் தள்ளுகிறது.

மெட்ஃபார்மின் கல்லீரல் செல்களுக்குள் புகுந்து, அங்குள்ள மைட்டோகாண்டிரியாக்களின் வேலையைச் சற்றே மட்டுப்படுத்துகிறது. மைட்டோகாண்டிரியா என்பது செல்லின் மின்நிலையம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆற்றல் உற்பத்தி சிறிது குறைந்தவுடன் ஏ.எம்.பி.கே. என்னும் நொதி விழித்துக் கொள்கிறது.

மாதக் கடைசியில் நம் வீட்டில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். அரிசிப் பானையின் அடி தெரிந்தவுடன் அம்மா என்ன செய்கிறார்? வீண் செலவை நிறுத்துகிறார். இருப்பதைக் கொண்டு சமாளிக்கிறார். ஏ.எம்.பி.கே. செய்வதும் அதுவே. ஆற்றலை விழுங்கும் வேலைகளை நிறுத்தச் சொல்கிறது. இருக்கும் எரிபொருளைப் பயன்படுத்தச் சொல்கிறது. புதிதாகக் குளுக்கோஸ் தயாரிப்பது செலவு மிகுந்த வேலை. ஆகவே அது குறைகிறது. மெட்ஃபார்மினுக்கு வேறு வழிகளும் உண்டு. குடலிலும் அது வேலை செய்கிறது. ஆயினும் நமக்கு இங்கே முக்கியமானது இந்த நொதி. ஏனெனில் ஏ.எம்.பி.கே. கல்லீரலில் மட்டும் இல்லை. வெள்ளணுக்களிலும் இரத்தக் குழாய்ச் சுவர்களிலும் இருக்கிறது.

சாம்பல் மூடிய நெருப்பு

சீமைக்கருவேல முள் காலில் தைத்தால் என்ன ஆகிறது? அந்த இடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இந்த நான்கு அடையாளங்களையும் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரியைச் சேர்ந்த செல்சஸ் எழுதி வைத்திருக்கிறார். இதுவே அழற்சி. இது நோயன்று, காவல். கிருமிகளை எதிர்க்க வெள்ளணுக்கள் கூடும் இடம் அது. வேலை முடிந்ததும் அவை கலைந்துவிடும், புண் ஆறிவிடும்.

ஆனால் கலையாத கூட்டமும் உண்டு. சிவப்பும் வலியும் இல்லாமல், சாம்பல் மூடிய நெருப்புப் போல, ஆண்டுக்கணக்கில் கனன்று கொண்டே இருக்கும் அழற்சி அது. 1993இல் அமெரிக்காவில் ஹோட்டமிஸ்லிகில், ஸ்பீகல்மன் முதலியோர் ஒரு வியப்பான செய்தியைக் கண்டனர். பருத்த எலிகளின் கொழுப்புத் திசு, டி.என்.எஃப். என்னும் அழற்சிப் புரதத்தை அதிகமாகச் சுரந்தது. அந்தப் புரதத்தை முடக்கியபோது இன்சுலின் மேலும் நன்றாக வேலை செய்தது! கொழுப்பு என்பது வெறும் சேமிப்புக் கிடங்கு அன்று, அழற்சியைத் தூண்டும் இடமும்கூட என்று அன்று விளங்கியது.

செல்லுக்குள் இந்த நெருப்பை ஊதிவிடும் புரதம் ஒன்று உண்டு. என்.எஃப். கப்பா-பி என்று அதற்குப் பெயர். அது செல்லின் உட்கருவுக்குள் சென்று அழற்சிக்குரிய மரபணுக்களை இயக்குகிறது. மனித இரத்தக் குழாய்ச் செல்களை மெட்ஃபார்மினில் வைத்து ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006இல் சோதித்தனர். ஏ.எம்.பி.கே. விழித்தது, என்.எஃப். கப்பா-பியின் வேகம் அடங்கியது. ஆக, இந்த மாத்திரைக்கு நெருப்பைத் தணிக்கும் குணம் உண்டு.

இது ஆய்வுக்கூடத் தட்டில் நடந்தது. மனிதர்களிடம்? அமெரிக்காவில் நீரிழிவின் வாயிலில் நின்ற 3,234 பேரைக் கொண்டு ஒரு பெரிய சோதனை நடந்தது. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி-எதிர்வினைப் புரதத்தையும் அதில் அளந்தார்கள். ஓராண்டில் மெட்ஃபார்மின் உண்ட ஆண்களுக்கு அது 7 விழுக்காடும் பெண்களுக்கு 14 விழுக்காடும் குறைந்தது. இன்னொரு குழுவினர் மாத்திரை உண்ணவில்லை. நடைப்பயிற்சி செய்து, உணவைச் சீராக்கி, எடையைக் குறைத்தனர். அவர்களுக்கு எவ்வளவு குறைந்தது தெரியுமா? ஆண்களுக்கு 33 விழுக்காடு. பெண்களுக்கு 29 விழுக்காடு! மாத்திரை நெருப்பைச் சிறிது தணித்தது. நடை அதைவிட நன்றாகத் தணித்தது.

கடைமடையின் கூக்குரல்

இனி இரத்தக் குழாய்களுக்கு வருவோம். நம் மாவட்டத்துக் கண்மாய்களை நினைத்துக் கொள்ளுங்கள். வரத்துக்கால் வழியாக நீர் கண்மாய்க்கு வருகிறது. மடை திறந்தால் வாய்க்கால்களில் பாய்ந்து கடைமடை வயல் வரை செல்கிறது. நம் உடலிலும் இதயத்திலிருந்து கிளம்பும் இரத்தம், தந்துகிகள் என்னும் மயிரினும் மெல்லிய குழாய்கள் வழியே ஒவ்வொரு திசுவையும் அடைகிறது.

இரத்தத்தில் பல ஆண்டுகள் சர்க்கரை மிகுந்திருந்தால் தந்துகிச் சுவர் கெடுகிறது. கண்ணின் விழித்திரையில் சில தந்துகிகள் அடைபட்டே போகின்றன. வாய்க்கால் தூர்ந்த கடைமடை வயல் போல, விழித்திரையின் அந்தப் பகுதி ஆக்சிஜன் இன்றித் தவிக்கிறது. தவிக்கும் திசு என்ன செய்யும்? 'எனக்குப் புதுக் குழாய் வேண்டும்' என்று கூக்குரலிடும்! அந்தக் கூக்குரல் ஒரு வேதிப்பொருள்.

அப்படி ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று 1948லேயே மைக்கேல்சன் என்னும் கண் மருத்துவர் ஊகித்தார். புற்றுக் கட்டிகளும் தம் வளர்ச்சிக்குப் புதுக் குழாய்களை வரவழைக்கின்றன என்று ஜூடா ஃபோக்மன் 1971இல் சொன்னார்; அப்போது அதைப் பலர் ஏற்கவில்லை. இரத்தக் குழாய்களைக் கசியச் செய்யும் புரதம் ஒன்றை 1983இல் செங்கர், டுவோராக் குழுவினர் கண்டனர். இரத்தக் குழாய் வளர்ச்சிக் காரணியை 1989இல் ஃபெராரா பிரித்தெடுத்தார். இரண்டும் ஒரே புரதம் எனத் தெரிந்தது. நீரிழிவால் கண் கெட்டவர்களின் கண் திரவத்தில் அதே புரதம் மிகுந்திருப்பதை 1994இல் அளந்து காட்டினர். 1948இல் எழுந்த ஊகம் உறுதிப்பட 46 ஆண்டுகள் ஆயின!

கூக்குரலைக் கேட்டுப் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. நல்லதுதானே என்கிறீர்களா? இல்லை. கடைமடைக்காரர் பதற்றத்தில் இரவோடு இரவாகக் கரையை வெட்டினால் என்ன ஆகும்? வெட்டிய வாய்க்காலுக்குக் கரை உறுதி இராது. உடைத்துக் கொண்டு ஓடிப் பயிரையே மூழ்கடிக்கும். விழித்திரையில் முளைக்கும் குழாய்களும் அத்தகையவை. அவற்றின் சுவர் மெலிந்தது. எளிதில் உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கொட்டும். கூடவே வளரும் தழும்புத் திசு சுருங்கி விழித்திரையைப் பிய்த்து இழுக்கும். பார்வை போகும்.

இதைத் தடுக்க வழி உண்டு. லேசர் ஒளியால் தவிக்கும் விழித்திரையின் ஓரப் பகுதியைச் சுட்டுக் கூக்குரலை அடக்கலாம். அல்லது வளர்ச்சிக் காரணியை முடக்கும் மருந்தைக் கண்ணுக்குள் ஊசியாகப் போடலாம். 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இத்தகைய சிகிச்சை நம் பகுதி மக்களுக்குக் கிடைக்கும் இடங்களில் ஒன்று.

காலிலோ கதை வேறு

இப்போது அதே தாத்தாவின் காலுக்கு வாருங்கள். நீரிழிவால் பாத நரம்புகள் மரத்துவிட்டன. முள் குத்தியது தெரியவில்லை. புண் ஆயிற்று. புண் ஆற வேண்டுமானால் என்ன வேண்டும்? அழற்சி தொடங்க வேண்டும். கிருமியை ஒழிக்க வேண்டும். பிறகு அடங்க வேண்டும். அடுத்து, புதிய தந்துகிகள் முளைத்துப் புது இரத்தம் வர வேண்டும். முழங்கால் சிராய்ப்பு ஆறும்போது அடியில் சிவப்பாய்க் குருணை குருணையாகத் தெரியுமே, அது இத்தகைய புதுத் தந்துகிகள் நிறைந்த திசுதான்.

நீரிழிவுப் புண்ணில் இரண்டும் கெடுகின்றன. அழற்சி அடங்குவதில்லை. காலுக்கு வரும் பெரிய குழாயும் பெரும்பாலும் சுருங்கியிருக்கும். திசு எழுப்பும் கூக்குரலும் வலுவில்லை. புதுக் குழாய்கள் போதிய அளவில் முளைப்பதில்லை.

விந்தையைப் பார்த்தீர்களா? ஒரே மனிதர், ஒரே நோய். கண்ணில் குழாய்கள் மிகுதியாக முளைத்துக் கெடுக்கின்றன. காலில் முளைக்காமல் கெடுக்கின்றன. 'இரத்தக் குழாய் வளர்ச்சி நல்லதா, கெட்டதா?' என்று கேட்டால் 'எந்த இடத்தில்?' என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

மாத்திரை எந்தப் பக்கம்?

ஆய்வாளர்களுக்கும் இதே வியப்பு நேர்ந்தது. பல புற்றுநோய்ச் செல்களில் மெட்ஃபார்மின் வளர்ச்சிக் காரணியின் சுரப்பைக் குறைத்தது. குழாய் முளைப்பதைத் தடுத்தது. ஆனால் காலுக்குச் செல்லும் இரத்தக் குழாயைக் கட்டிவிட்ட எலிகளுக்குக் கொடுத்தபோது, புது இரத்த ஓட்டம் ஏற்பட அதுவே உதவியது! ஏ.எம்.பி.கே. அங்கே குழாய்ச் சுவரை நைட்ரிக் ஆக்சைடு சுரக்கத் தூண்டியது. நைட்ரிக் ஆக்சைடு குழாயை விரிவடையச் செய்யும். முளைப்பதற்கும் துணை செய்யும்.

இது முரண்பாடா? மாத்திரை வாய்க்கால் வெட்டுவதுமில்லை, அடைப்பதுமில்லை. செல்லின் வரவு செலவுக் கணக்கைத்தான் மாற்றுகிறது. கட்டுக்கடங்காமல் வளரும் புற்றுச் செல் அதனால் ஒரு விதமாக மாறுகிறது; பட்டினி கிடக்கும் காலின் குழாய்ச் சுவர் வேறு விதமாக மாறுகிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஆய்வுக்கூடத் தட்டுகளில் ஊற்றப்படும் மெட்ஃபார்மினின் செறிவு, மாத்திரை உண்டவரின் இரத்தத்தில் இருப்பதைவிடப் பல சமயங்களில் பல மடங்கு அதிகம். மேலும் சர்க்கரை குறைந்தாலே அழற்சியும் ஓரளவு குறையும். அப்படியானால் கிடைத்த நன்மையில் எவ்வளவு மாத்திரையின் நேரடி வேலை, எவ்வளவு சர்க்கரை குறைந்ததன் பலன் என்று பிரிப்பது எளிதன்று.

மனிதர்களிடம் கிடைத்த ஒரு நல்ல தடயம், பிரிட்டனில் நடந்த நீண்ட ஆய்வின் முடிவு. அது 1998இல் வெளிவந்தது. எடை மிகுந்த 342 நோயாளிகளுக்கு மெட்ஃபார்மின் கொடுத்தார்கள். வழக்கமான உணவுக் கட்டுப்பாட்டு முறையில் இருந்தவர்களைவிட இவர்களுக்கு மாரடைப்பு 39 விழுக்காடு குறைந்தது. சர்க்கரையை ஏறக்குறைய அதே அளவு குறைத்த பிற மருந்துகளை உண்டவர்களைவிடவும் இவர்களில் இறப்பு குறைவு. 'சர்க்கரைக்கு அப்பாலும் இது ஏதோ செய்கிறது' என்ற எண்ணம் வலுப்பெற்றதற்கு இது முக்கியக் காரணம். ஆயினும் கண்ணில் முளைக்கும் குழாயை நிறுத்தவோ காலில் உள்ள புண்ணை ஆற்றவோ மெட்ஃபார்மின் மட்டும் போதும் என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. கண்ணுக்குக் கண் சிகிச்சை, காலுக்குக் கால் சிகிச்சை வேண்டும்.

நம் மாநிலம் சொன்ன பாடம்

சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய சோதனையின் முடிவு 2006இல் வெளியானது. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தனர். சுமார் மூன்று ஆண்டுகளில், தனிக் கவனிப்பு எதுவும் பெறாத குழுவில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்கு ஆளாயினர். நடை, உணவு ஒழுங்கைப் பின்பற்றிய குழுவில் 39 பேர். மெட்ஃபார்மின் உண்ட குழுவில் 40 பேர். இரண்டையும் சேர்த்துச் செய்த குழுவிலும் 39 பேர்தான்! நடையும் மாத்திரையும் ஏறக்குறைய சமமாக நின்றன.

ஆகவே, நீங்கள் வீட்டில் செய்யக் கூடியது நிறைய இருக்கிறது. தாத்தாவின் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ நாம் யாரும் முயலக் கூடாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அதன் அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நெடுநாள் உண்பவர்களுக்கு உயிர்ச்சத்து பி-12 குறையலாம். அதையும் மருத்துவர் பார்ப்பார். ஆவாரம்பூக் கஷாயத்தை மாத்திரைக்குப் பதிலாகக் கொடுக்கவும் கூடாது. ஆனால் மாலையில் ஊருணிக் கரை வரை தாத்தாவை நடக்க அழைத்துப் போகலாம். ஆண்டுக்கு ஒருமுறை கண்ணைச் சோதித்தாரா என்று கேட்கலாம். பார்வை நன்றாக இருக்கும்போதே சோதிக்க வேண்டும். இரத்தம் கொட்டிய பிறகு காலம் கடந்துவிடும். இரவில் விளக்கொளியில் அவர் பாதத்தையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள். உச்சி வெயிலில் கோயில் பிரகாரக் கருங்கல்லில் அவரை வெறுங்காலுடன் நடக்க விடாதீர்கள். உங்களுக்குச் சுடும் கல், மரத்த பாதத்துக்குச் சுடுவதே தெரியாது; கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

இன்னொன்று. 'இந்த மருந்து அழற்சியை ஒழிக்கிறது', 'இரத்தக் குழாயை வளர்க்கிறது' என்றெல்லாம் நாளிதழில் செய்தி வரும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். எதில் சோதித்தார்கள்: தட்டிலா, எலியிலா, மனிதரிலா? எவ்வளவு கொடுத்தார்கள்? எதனோடு ஒப்பிட்டார்கள்? இந்த மூன்றையும் கேட்கப் பழகியவர்கள், கண்ணில் வேண்டாததும் காலில் வேண்டியதும் ஒன்றே என்று கேட்டால் திகைத்துப் போக மாட்டார்கள். 'எந்த இடத்தில், எவ்வளவு?' என்று அமைதியாகக் கேட்பார்கள். நாளை உங்களில் ஒருவர் அந்தக் கேள்விக்கு விடை தேடும் ஆய்வுக்கூடத்திலும் இருக்கலாம். இன்றைக்கு, தாத்தாவின் பாதத்தைப் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள்.